பின் சீட்டு பெல்ட்

"மாமா, கடையை மூடின பிறகு வந்து இறங்குன சரக்கு எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

காரின் பின் ஜன்னல் வழியாக பிரேக் என்று எல்லாரும் கூப்பிடும் பெண்ணின் தலை மட்டும் வெளியே வந்தது. பானெட்டுக்குள் குனிந்திருந்த சர்வேயர் நிமிர்ந்தார்.

சர்வேயர் என்பது அவர் இரண்டு வருடத்துக்கு முன்பே விட்டுவிட்ட வேலை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எதை மாற்ற வேண்டும், எதைத் தட்டி ஒட்டினால் போதும் என்று முப்பது வருடம் எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்றதும் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டார். வேலை போனாலும் பெயர் போகவில்லை.

பிரேக், அவர் மனைவியின் தங்கை. பதினைந்து வருடம் டிரைவிங் ஸ்கூலில் மற்றவர்கள் ஓட்ட, பக்கத்து சீட்டில் காலுக்கடியில் தனி பிரேக் வைத்துக்கொண்டு உயிர் பிழைத்தவள். இன்றைக்கும் யார் ஓட்டினாலும் அவள் கால் தானாகத் தரையை அழுத்தும். வாய் மட்டும் எதற்கும் நிற்காது.

"என்னம்மா கண்டுபிடிச்ச?"

"இங்க வாங்க. இந்த வண்டிக்கு அஞ்சு பெல்ட். நாலுக்கு லேபிள்ல ஏழு வருஷத்துக்கு முந்தின தேதி. வண்டி பிறந்த அதே மாசம். இடது பின் சீட்டு பெல்ட்டுக்கு மட்டும் மூணு வருஷத்துக்கு முந்தின தேதி. கம்பெனி இந்த மாடலையே நிறுத்தி நாலு வருஷம் ஆச்சு."

அவர்கள் நின்றிருந்தது பழைய கார்கள் விற்கும் ஒரு தகரக் கொட்டகை. பார்க்க வந்தது ஒரு சின்ன எஸ்.யூ.வி. முன் விளக்குகள் இரண்டும் பிதுங்கி நிற்பதால் எல்லாரும் அதைத் தவளை என்றுதான் சொல்வார்கள். தயாரிப்பு நின்றுபோன மாடல். அதனால்தான் விலை குறைவு. அதனால்தான் வாங்குகிறவர்கள் ஸ்பேர் பார்ட்டை நினைத்துத் தயங்குவதும்.

கொட்டகைக்காரர் ஓடி வந்தார். அவர் கை பட்ட வண்டி விளங்கும் என்று அவரே சொல்லிச் சொல்லி, ஊரில் அவருக்குக் கைராசி என்றே பெயர்.

"ஒரே ஓனர் சார். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். வீடு, கடை, கடை, வீடு. ஒரு கீறல் கிடையாது."

"ஸ்பேர் பார்ட் கிடைக்குமா?" என்றாள் பிரேக்.

"தங்கமா கிடைக்கும்மா."

"தங்கம் கிடைக்கும். அது எனக்கும் தெரியும். இதோட சைடு கண்ணாடி உடைஞ்சா கிடைக்குமா?"

கைராசி பேச்சை மாற்றினார். "பெல்ட்டை எலி கடிச்சிருக்கும்மா. மாத்தியிருப்பாங்க."

"ரொம்ப நல்ல எலி. நாலு பெல்ட்டை விட்டுட்டு ஒண்ணை மட்டும் வயித்துக்கு அளவா சாப்பிட்டிருக்கு."

சர்வேயர் சிரித்தார். என்ஜினில் குறை இல்லை. டயர்கள் பழையவை, ஆனால் நாலும் ஒரே செட். கதவுகள் சரியாக மூடின. ஓட்டிப் பார்த்ததில் ஸ்டீயரிங் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. இந்த ஒரு பெல்ட்தான் இடித்தது. பையிலிருந்து தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோலை எடுத்து, பின் சீட்டை ஒட்டிய உள்மூடியை மெதுவாகக் கழற்றினார்.

உள்ளே இரும்புச் சுவரில் பெல்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட் தெரிந்தது. அதைச் சுற்றி வெல்டிங். அந்த வெல்டிங்கின் மேல் இன்னொரு வெல்டிங், வேறு கை, வேறு நிற பெயின்ட். ஒரே காயத்துக்கு இரண்டு தடவை தையல் போட்ட மாதிரி இருந்தது.

கையிலிருந்த மூடியைத் திருப்பினார்.

மூடியின் உட்புறத்தில் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு டிக். சர்வேயர்கள் ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு விட்டுச் செல்லும் குறி அது. வட்டத்துக்குள் பெருக்கல் குறி என்றால் புதிதாக மாற்று. டிக் என்றால் மாற்ற வேண்டாம், ஒட்டு. எல்லா சர்வேயரும் அப்படித்தான் போடுவார்கள். ஆனால் இந்த டிக்கின் வால் எல்லோரும் இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இழுபட்டிருந்தது. இடது கைக்காரன் போட்ட டிக்.

அந்தத் தொழிலில் அந்த வட்டாரத்தில் இடது கைக்காரர் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

"உள்ள என்ன மாமா?"

"தூசி" என்றார் சர்வேயர்.

அவர் மூடியை மாட்டப் போகும்போது, "கொஞ்சம் நகருங்க சார்" என்று ஒரு குரல் கேட்டது. அவர்களை வேலைக்கு அமர்த்திய பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவள். அவள் கையில் ஒரு குழந்தை சீட்டு இருந்தது.

"பாப்பா சீட்டு இங்க உட்காருதான்னு பார்த்துடறேன். இடது பக்கம்னா ஓட்டிக்கிட்டே திரும்பிப் பார்க்க வசதி." சீட்டை வைத்து, அந்தப் புது பெல்ட்டை இழுத்து, கிளிப்பை மாட்டினாள். டக் என்று சத்தம் வந்தது. "கச்சிதமா இருக்குல்ல?"

"எடுங்க" என்றார் சர்வேயர். குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "இந்த வண்டி வேணாம்."

பிசியோ அவரையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் சார்? நோயாளிகளைப் படுக்க வைக்கிற என் மடக்கு மேசை வேற எந்த வண்டிக்குள்ளயும் நீளமா படுக்காது. நாலு மாசமா தேடிட்டிருக்கேன். ஆறு மணிக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்களாம். வேணாம்னா காரணம் சொல்லுங்க."

காரணம் அவர் கையில்தான் இருந்தது. மஞ்சள் பக்கம் அவரைப் பார்க்க, கறுப்புப் பக்கம் அவளைப் பார்க்க.

"ஆறு மணிக்குள்ள எழுத்துல தரேன்" என்று சொல்லி மூடியை அழுத்தி மாட்டினார்.

*

பிரேக்தான் ஓட்டினாள். வண்டியின் ஆர்.சி. புத்தகத்திலிருந்து ஓனரின் விலாசத்தை அவள் எப்போது குறித்துக்கொண்டாள் என்று சர்வேயருக்குத் தெரியாது.

"வேணாம்னு சொல்லியாச்சே. அங்க எதுக்கு?" என்றார்.

"எழுத்துல என்ன எழுதுவீங்க? மனசு சரியில்லைன்னா?" அவள் கியரை மாற்றினாள். "ரெண்டு வெல்டிங் நானும் பார்த்தேன். முதல் தடவை எதுக்கு, ரெண்டாம் தடவை எதுக்கு? அது தெரியாம எனக்குத் தூக்கம் வராது. உங்களுக்கு?"

 முதல் வெல்டிங் எதற்கு என்பது அவருக்கு இப்போது நன்றாகவே ஞாபகம் வந்திருந்தது.

நாலு வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியானம். அன்றைக்கு அவர் பார்க்க வேண்டிய வண்டிகள் பதினொன்று. தவளை ஒன்பதாவது. தண்ணீர் லாரி ஒன்று பின்னால் எடுக்கும்போது, நின்றுகொண்டிருந்த வண்டியின் இடது மூலையை நசுக்கியிருந்தது. உள்மூடியை அவரே கழற்றினார். பெல்ட் போல்ட்டுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். மாற்றத்தான் வேண்டும். ஆனால் கம்பெனி அந்த மாதம்தான் மாடலை நிறுத்தியிருந்தது. அந்தச் சுவர்த் தகடு வர பத்து வாரம் என்றார்கள். மாற்றுச் செலவைக் குறைக்கிறவர் என்று ஆபீஸில் அவருக்கு நல்ல பெயர். "மாத்தணுமா சார், ஒட்டணுமா?" என்று ஒர்க்‌ஷாப்காரன் கேட்டான். அவர் பேனாவைத் திறந்தார். பத்தாவது வண்டி இரண்டு தெரு தள்ளி இருந்தது.

"முதல் தடவை அதை ஒட்டச் சொன்ன சர்வேயர் எவனோ" என்றாள் பிரேக், "கண்ணைக் கழட்டி வீட்டு அலமாரியில வெச்சுட்டு வந்திருக்கான். பெல்ட் போல்ட்டைப் போய் ஒட்டச் சொல்லுவானா ஒருத்தன்? எங்க ஸ்கூல்ல முதல் நாள் வர்றவங்களுக்கே தெரியும், அது உயிர் நாடின்னு. உங்க ஆபீஸ்ல அந்த மாதிரி ஆளுங்க இருந்தாங்களா மாமா?"

"இருந்தாங்க."

"பேர் சொல்லுங்க. வாய் நிறைய திட்டிக்கறேன்."

சர்வேயர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் ஒரு கண்ணால் அவரைப் பார்த்தாள். வழக்கமாக இவ்வளவு தூரத்துக்குள் அவர் நாலு தடவையாவது அவளைத் திருப்பி வாரியிருப்பார்.

*

கண்ணாடிக் கடை சின்னது. இரண்டு சுவரிலும் காலி பிரேம்கள் வரிசையாக, கண்ணில்லாத முகங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தன. திரைக்குப் பின்னாலிருந்து லென்ஸ் தேய்க்கும் மெஷினின் சத்தம் விட்டு விட்டு வந்தது. கடைக்காரர் ஒல்லியாக, சுத்தமாக, விரல் நுனியால் மட்டுமே எதையும் தொடுகிறவராக இருந்தார்.

"இவருக்குத்தான் செக் பண்ணணும்" என்று பிரேக் முந்திக்கொண்டாள். "கொஞ்ச நேரமா பார்வை சரியில்ல."

சர்வேயரை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின் மேல் கனமான சோதனை பிரேமை மாட்டிவிட்டார் கடைக்காரர். ஒவ்வொரு லென்ஸாகச் சொருகினார்.

"கீழ் வரி தெரியுதா?"

"தெரியல. சார், நீங்க ஒரு வண்டி விற்பனைக்குக் குடுத்திருக்கீங்களே. அதை வாங்கப்போறவங்க சார்புல வந்திருக்கோம்."

லென்ஸைப் பிடித்திருந்த விரல்கள் நின்றன.

"நான் எதையும் மறைக்கல" என்றார் கடைக்காரர். "விளக்குக் கம்பத்துல இடிச்சதை கார் கொட்டகைக்காரர்கிட்ட சொன்னேன். பம்பரும் ஒரு லைட்டும்தான் போச்சு. அதெல்லாம் விபத்துக் கணக்குல சேராதுன்னு அவர்தான் சொன்னார். அதுக்கு முன்னாடி ஒரு லாரி பின்னால இடிச்சது. அது இன்சூரன்ஸ்ல சரி பண்ணினது. சர்வேயர் வந்து பார்த்து எழுதினது."

"விளக்குக் கம்பம் எப்ப?"

"லாரி இடிச்சு ஒரு வருஷம் கழிச்சு. இப்பலேர்ந்து மூணு வருஷம் முன்னாடி."

மூன்று வருடம். பெல்ட்டின் லேபிளில் இருந்த அதே கணக்கு. கண்ணில் தவறான லென்ஸ் இருந்ததால் சர்வேயருக்குக் கடைக்காரரின் முகம் வெறும் வெளிறிய வட்டமாகத் தெரிந்தது. அது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

"வண்டியில யாரெல்லாம் இருந்தீங்க?"

மெஷின் ஒரு தடவை ஓடி நின்றது. கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் என் வீட்டுக்காரியும். அன்னிக்குத்தான் அந்த மெஷின் வாங்கினோம். இப்ப சத்தம் கேக்குதே, அதுதான். உள்ள வைரக் கல் சக்கரம், கொஞ்சம் அதிர்ந்தாலும் போயிடும். பின்னாடி வெச்சா குலுங்கும்னு முன் சீட்டுல வெச்சு பெல்ட் போட்டேன். அவளைப் பின்னாடி இடது பக்கம் உட்காரச் சொன்னேன். ஒரு நாய் குறுக்க வந்துச்சு. வேகமெல்லாம் ஒண்ணும் இல்ல சார், சைக்கிள்ல போறவனைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. எனக்குக் கீறல் இல்ல. மெஷினுக்குக் கீறல் இல்ல. இவ முன் சீட்டு மேல வந்து விழுந்தா. இடுப்பு எலும்பு. ஏழு மாசம் படுக்கை. இப்பவும் தடி இல்லாம நாலடி நடக்க முடியாது."

"பெல்ட் போட்டிருந்தாங்களா?" என்றாள் பிரேக்.

"போட்டேன்னு சொல்றா." கடைக்காரர் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த லென்ஸைத் துடைத்தார். "போட்டிருந்தா எப்படிம்மா அவ்வளவு தூரம் வந்து விழுவாங்க? போலீஸ்காரர் என்னைக் கேட்டார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிட்டிருந்தேன், தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். போடலைன்னு சொல்லிட்டேன். அப்படியே எழுதிட்டார். எங்க அம்மா, அவ அக்கா, எல்லாரும் அதையே சொன்னாங்க, பெல்ட் போடாம உட்கார்ந்தா இப்படித்தான்னு. முதல்ல கொஞ்ச நாள் அழுதா. அப்புறம் அதைப் பத்திப் பேசறதையே விட்டுட்டா. என்கிட்டயும் தேவைக்கு மேல பேசறதில்ல. வண்டியை அன்னிலேர்ந்து ஷெட்ல மூடி வெச்சிருந்தேன்."

"இடிச்ச பிறகு வண்டியை நீங்க பார்த்தீங்களா?"

"ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன் சார். ஒர்க்‌ஷாப்காரனே வந்து எடுத்துட்டுப் போனான். லாரி இடிச்சப்ப சரி பண்ணினவன்தான். இந்த மாடலைத் தெரிஞ்ச ஆள் வேற யாரும் இல்ல. பம்பருக்கும் லைட்டுக்கும் பில் குடுத்தான்."

"பெல்ட்டுக்கு?"

"பெல்ட்டுக்கு எதுக்கு பில்?"

பிரேக்கின் வலது கால் தரையை ஒரு அழுத்து அழுத்தியது. "மாமா" என்றாள் மெல்ல. "போடாத பெல்ட் எப்படிக் கெட்டுப்போகும்?"

சர்வேயருக்கு அந்தக் கேள்வி ஒரு நிமிடம் முன்பே வந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் வந்திருந்தது. இப்போது எழுந்து போய்விடலாம். விபத்து வண்டி, வாங்க வேண்டாம் என்று இரண்டு வரி எழுதினால் பிசியோவுக்குப் போதும். ஒர்க்‌ஷாப்காரன் மேல் பழியைப் போட்டால் பிரேக்குக்கும் போதும். மஞ்சள் குறி பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு.

அவர் சோதனை பிரேமைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கடைக்காரரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. கண்ணுக்கடியில் கறுத்துப்போன, தூக்கம் சரியில்லாத முகம்.

"லாரி இடிச்சப்ப வந்த சர்வேயரை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"இல்ல சார். போன்ல ஒரு தடவை பேசினேன். சீக்கிரம் முடிச்சுக் குடுங்கன்னு கெஞ்சினேன்."

"அது நான்தான்."

பிரேக் திரும்பினாள். வாய் திறந்தது. அவள் பேசுவதற்குள் அவர் தொடர்ந்தார்.

"லாரி இடிச்சதுல பின் பெல்ட்டைப் பிடிச்சிருக்கிற தகடு விரிஞ்சிருந்தது" என்றார் சர்வேயர். "நான் பார்த்தேன். பார்க்காம விடல. கண்ணால பார்த்துட்டு, மாத்த வேணாம், ஒட்டுன்னு குறி போட்டுட்டுப் போனேன். நீங்க கெஞ்சினதுக்காக இல்ல. அந்தப் பழியையும் நீங்க எடுத்துக்காதீங்க. மாத்தச் சொன்னா பத்து வாரம் இழுக்கும், ஆபீஸ்ல கேள்வி வரும். அவ்வளவுதான் காரணம். விளக்குக் கம்பத்துல நீங்க இடிச்சப்ப உங்க வீட்டுக்காரம்மா முழு பாரமும் அந்த பெல்ட்டுல விழுந்திருக்கு. ஒட்டின இடம் பிய்ஞ்சு, பெல்ட்டோட அவங்க முன்னாடி வந்திருக்காங்க. ஒர்க்‌ஷாப்காரனுக்கு அது தெரிஞ்சு போச்சு. தன் வேலை வெளிய வந்துடும்னு பயந்து, தகட்டை மறுபடி ஒட்டி, புது பெல்ட் போட்டு, பில் போடாம குடுத்துட்டான். பெல்ட் போடாம உட்கார்ந்திருந்தாங்கன்னா அந்த பெல்ட்டுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

கடைக்காரரின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"அப்ப அவ போட்டிருந்தாளா" என்றார். அது கேள்வி மாதிரி இல்லை.

"போட்டிருந்தாங்க."

அப்போதுதான் சர்வேயருக்கு உறைத்தது, மெஷின் சத்தம் நின்று ரொம்ப நேரம் ஆகியிருந்தது. திரை விலகியது. தடியை ஊன்றியபடி ஒரு பெண் நின்றிருந்தாள். கன்னத்திலும் முன் தலைமுடியிலும் வெள்ளையாகக் கண்ணாடித் தூள். அவள் யாரையும் உட்காரச் சொல்லவில்லை, தானும் உட்காரவில்லை.

சர்வேயர் நாற்காலியை விட்டு எழுந்தார்.  "என்னாலதாம்மா" என்றார். "மன்னிக்கணும்னு கேக்க எனக்கு வாய் வரல."

"கேக்காதீங்க" என்றாள் அவள். "இப்ப சொன்னதை எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

"கையெழுத்துப் போட்டு?"

"போட்டு."

கடைக்காரர் எதையோ சொல்ல வந்தார். அவள் அவர் பக்கம் பார்க்கவே இல்லை. மேசையிலிருந்து கண்ணாடிச் சீட்டு எழுதும் நோட்டை எடுத்து, தடியின் முனையால் நாற்காலியை நகர்த்தி, சர்வேயர் முன் வைத்தாள். பிரேக் தன் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். நீட்டும்போது அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அவர் இடது கையால் எழுதினார். முப்பது வருடமாக எழுதிய ரிப்போர்ட்டுகளில் ஒன்றுகூட இவ்வளவு மெதுவாக எழுதப்பட்டதில்லை. வண்டி எண். தேதி. விரிசலைத் தாம் நேரில் கண்டது. மாற்றாமல் ஒட்டச் சொன்னது. இந்த வண்டி இனி சாலைக்கு வரக்கூடாது என்பது. முகப்பிலேயே தன் முழுப் பெயர், அடியில் கையெழுத்து. பிரேக் அதைப் போனில் படம் எடுத்து பிசியோவுக்கும் கைராசிக்கும் அனுப்பினாள். மணி ஐந்தரை.

உடனே பிசியோவிடமிருந்து போன் வந்தது. பிரேக் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "ஆமாம்மா, அது எங்க மாமா கையெழுத்துதான்."

அந்தப் பெண் காகிதத்தைக் கையில் எடுத்துக் கடைசி வரி வரை படித்தாள். பிறகு அதைக் கணவனிடம் நீட்டினாள்.

"வாசிங்க."

"நான் கேட்டேனேம்மா, அவர் சொன்னதை."

"வாய்விட்டு வாசிங்க."

கடைக்காரர் சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டினார். காகிதத்தை மேசைமேல் வைத்து, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வாசித்தார். விரிசலைப் பற்றிய வரியை வாசித்தார். ஒட்டச் சொன்ன வரியை வாசித்தார். அடுத்த வரிக்கு வந்ததும் நின்றார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினார்.

"விபத்தின்போது பின் சீட்டில் இருந்தவர் பெல்ட் அணிந்திருந்தார்."

அவள் தடியை மேசையில் சாய்த்துவிட்டு, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை" என்றாள்.